எறும்பு எழுத்து: லினக்ஸும் 4கே மானிட்டரும்

போன வருசம் வீட்டுக்கு ஒரு 27 இன்ச் 4கே மானிட்டர் வாங்கினேன். என் கம்ப்யூட்டர்ல பல வருசமா லினக்ஸ்தான். ஒயரைச் சொருகி ஆன் பண்ணினா, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. நைட் டூட்டி முடிச்சு வந்த கண்ணு வேற. என்ன பண்ணேன் தெரியுமா? நிறைய பேர் பண்றதையே பண்ணேன். ரெசல்யூஷனைப் பாதியாக் குறைச்சேன். எழுத்து பெருசாச்சு. நிம்மதியா தூங்கிட்டேன்.

மறுநாள் ஜூனியர்களுக்குப் பாடம் எடுக்க நெஞ்சு எக்ஸ்ரே படங்களைத் திறந்தேன். அதுல ஒண்ணு நியூமோதொராக்ஸ். நுரையீரலுக்கு வெளியே காற்று புகுந்து, நுரையீரல் உள்வாங்கிப் போற பிரச்சினை. படத்துல அதைக் காட்டிக்கொடுக்கிறது மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. நான் பல தடவை காட்டின படம்தான். அன்னிக்கு அந்தக் கோடு எனக்கே சட்டுனு சிக்கல. அப்புறம்தான் உறைச்சுது. நீளத்துல பாதி, அகலத்துல பாதி குறைச்சா, நாலு பிக்சல்ல மூணை நானே தூக்கிப் போட்டிருக்கேன்!

(பயப்படாதீங்க. ரிப்போர்ட் எழுதுற ரேடியாலஜிஸ்ட் வீட்டு மானிட்டரை நம்பி எழுதுறதில்லை. அதுக்குன்னு தனி மெடிக்கல் மானிட்டர் இருக்கு.)

எழுத்து பெருசா வேணும், படம் நுணுக்கமாவும் வேணும். ரெண்டையும் சேர்த்துக் கேக்குறது பேராசையா? இதைச் சரியாச் செய்ய லினக்ஸ் டெஸ்க்டாப்புக்குப் பல வருசம் பிடிச்சுது. ஏன்னு தேடிப் படிச்சப்ப கிடைச்ச கதைதான் இந்த த்ரெட்.

முதல்ல கண்ணு. 6/6 பார்வை உள்ளவரால், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்துப் பார்க்க முடியும். 60 சென்டிமீட்டர் தூரத்தில் அது சுமார் 0.17 மில்லிமீட்டர். பழைய மானிட்டரில் ஒரு பிக்சல் சுமார் 0.26 மில்லிமீட்டர். அதனால்தான் எழுத்தின் வளைவில் படிக்கட்டு தெரியும். தமிழ் எழுத்துல சுழிக்கா பஞ்சம்? சின்ன சைஸுல 'ண'வும் 'ன'வும் குழம்பும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமலே போகும். என் 4கே மானிட்டரில் பிக்சல் 0.16 மில்லிமீட்டருக்கும் கீழே. தனிப் பிக்சல் கண்ணுக்குத் தெரியாது. அச்சுத்தாள் மாதிரி இருக்கும்.

ஆனா பிக்சல் சின்னதானா, பிக்சலை எண்ணி வரைஞ்ச எழுத்தும் சேர்ந்து சின்னதாகும். இங்கதான் வினை.

1984இல் வந்த மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரின் திரையில் அங்குலத்துக்கு 72 பிக்சல். அச்சுத் தொழிலில் பாயின்ட் என்ற அளவும் அங்குலத்தில் 72இல் ஒரு பங்குதான். திரையும் தாளும் ஒத்துப்போச்சு. விண்டோஸ் அதோட மூன்றில் ஒரு பங்கு கூட்டி 96 என்று வைத்துக்கொண்டது. அதே 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில் எக்ஸ் விண்டோ சிஸ்டம் பிறந்தது. 1987இல் வந்த அதன் பதினோராம் பதிப்பான எக்ஸ்11தான் பின்னாளில் லினக்ஸ் திரைகளை முப்பது வருசம் போல ஆண்டது.

எக்ஸ்11ஐ முட்டாள்னு சொல்லிட முடியாது. மானிட்டர் எத்தனை மில்லிமீட்டர் அகலம்னு கேட்டா பதில் சொல்ற வசதி அதில் ஆரம்பத்திலேயே இருந்தது. ஆனா மானிட்டர்கள் பொய் சொன்னன. புரோகிராம் எழுதுறவங்களும் "பட்டன் 24 பிக்சல்"னு நேரடியா எழுதிப் பழகிட்டாங்க. கடைசியில் எக்ஸ் சர்வரே, எந்த மானிட்டரை மாட்டினாலும் 96 என்று சொல்ல ஆரம்பித்தது. எல்லா நோயாளிக்கும் எடை 60 கிலோன்னு எழுதி டோஸ் போடுற மாதிரி. பெரும்பாலும் தப்பிச்சுடும். குழந்தை வந்தா என்ன ஆகும்?

குழந்தை 1998லேயே வந்துச்சு. ஐபிஎம் நிறுவனம் அங்குலத்துக்கு 200 பிக்சல் உள்ள ஒரு மாதிரித் திரையைக் காட்டியது. அதுக்கு வெச்ச பேரு ரான்ட்ஜன். ஆமாங்க, 1895இல் எக்ஸ்ரே கண்டுபிடிச்ச அதே ரான்ட்ஜன்! நுணுக்கமான திரைக்கு முதல்ல ஏங்கினவங்கள்ல மருத்துவத் துறையும் உண்டு. 2001இல் அதன் வாரிசு டி220 விற்பனைக்கு வந்தது: 22.2 இன்ச், 3840×2400 பிக்சல். முதல் மானிட்டர்கள் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துக்குப் போயின. ஒரே கேபிளால் அத்தனை பிக்சலையும் அனுப்ப முடியாமல் பல கேபிள் மாட்டவேண்டியிருந்தது. விலையோ சாமானியருக்கு எட்டாது. வீட்டுக்கு வராத மானிட்டருக்காக யாரும் டெஸ்க்டாப்பை மாற்றி எழுதவில்லை.

அடுத்த பத்து வருசம் மானிட்டர் உலகம் தூங்கியது. எழுப்பியது போன்தான். 2010இல் ஐபோன் 4, 2012இல் ரெட்டினா மேக்புக். ஆப்பிள் போட்ட கணக்கு எளிது: நீளம், அகலம் ரெண்டையும் சரியா ரெண்டு மடங்காக்கு. பழைய ஒரு பிக்சல் இருந்த இடத்தில் இப்போ நாலு. அதே 2012இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 399 டாலர் டேப்லெட்டிலேயே 2560×1600 கிடைக்கும்போது லேப்டாப்பில் ஏன் இன்னும் மட்டமான திரை என்று கூகுள் பிளஸ்ஸில் பொரிந்து தள்ளினார். மறுவருசம் வந்த குரோம்புக் பிக்சலின் திரையைப் புகழ்ந்தும் எழுதினார். மனுசன் பாராட்டுறது அபூர்வம்!

2013 செப்டம்பரில் க்னோம் 3.10 வந்தது. அதிலும் அதே ரெண்டு மடங்கு வைத்தியம். அப்பாடா என்றால், அந்தக் காலத்து 4கே மானிட்டர்கள் சில, தன்னை ரெண்டு மானிட்டர்னு சொல்லிக்கிட்டு வந்தன. லினக்ஸும் நம்பி, நடுவில் கோடு கிழித்த மாதிரி ரெண்டு டெஸ்க்டாப் காட்டியது. அதைச் சரிசெய்யத் தனியா உழைச்சாங்க. அது ஒரு பக்கம்.

பெரிய சிக்கல் ஒன்றரை. என் 27 இன்ச் மானிட்டரையே எடுத்துக்குங்க. ஒரு மடங்குன்னா எறும்பு, ரெண்டு மடங்குன்னா யானை. ஒன்றரைதான் சரி. ஆனா ஒரு பிக்சல் கோட்டை ஒன்றரை பிக்சலா எப்படி வரையறது? அரைப் பிக்சல்னு ஒண்ணு கிடையாதே. இதோட இன்னொரு தலைவலி: எக்ஸ்11க்கு மாட்டியிருக்கிற எல்லாத் திரையும் சேர்ந்து ஒரே பெரிய பலகை, பொதுவா ஒரே அளவு. லேப்டாப்புக்குச் சரியா வெச்சா புரொஜெக்டர்ல ஐகான் யானை சைஸ். செமினார் ஹால்ல நானே வழிஞ்சிருக்கேன்.

2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலேண்ட், எக்ஸ்11க்கு மாற்று. இதில் ஒவ்வொரு திரைக்கும் தனி அளவு. திரை இத்தனை மடங்கு என்று ஒவ்வொரு புரோகிராமுக்கும் சொல்லப்படும். ஆனா அதுவும் முழு எண்ணாத்தான் சொன்னது! ஒன்றரை வேணும்னா ரெண்டு மடங்கா வரைஞ்சு, பிறகு சுருக்கணும். எழுத்து லேசா மங்கும், பேட்டரியும் கரையும்.

2022 நவம்பரில்தான் பின்ன அளவைச் சொல்லும் புது நெறிமுறை வந்தது. அளவை 120இல் பங்காகச் சொல்வார்கள். ஒன்றரை என்றால் 180. புரோகிராம் நேரடியா அந்த அளவுக்கே வரையும். சுருக்குற வேலை கிடையாது. 2023 பிப்ரவரியில் கேடிஇ பிளாஸ்மா 5.27 இதை ஏற்றது.

இவ்வளவு தாமதமான்னு நானும் திட்டியிருக்கேன். படிச்ச பிறகு திட்ட மனசு வரல. ஆப்பிளில் ஒருத்தர் உத்தரவு போட்டா எல்லாம் மாறும். இங்கே க்னோம் தனி, கேடிஇ தனி, ஜிடிகே, க்யூடி, பிரவுசர்கள் எல்லாம் தனித்தனி வீடு. எல்லாரும் பேசி ஒத்துக்கிட்டாத்தான் ஒரு அளவுகோல்.

என் மானிட்டர் இப்போ முழு 4கே, 150 சதவீதம். ரெசல்யூஷனைத் தொடுறதே இல்லை. உங்ககிட்டயும் இருந்தா டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல ஸ்கேல்னு இருக்கும், அதை மாத்துங்க. நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தவங்க கொஞ்சம் கூட்டியே வைங்க. சின்ன எழுத்தால கண்ணு கெட்டுப்போகாது. ஆனா கண் அசதியும் தலைவலியும் எதுக்கு?

ஒரே ஒரு பாக்கி. நான் எக்ஸ்ரே பார்க்கிற புரோகிராம் பழைய எக்ஸ்11 காலத்துது. வேலேண்ட் அதை இழுத்துப் பெருசாக்கும்போது படமே மங்குது. அதனால கேடிஇயில் பழைய புரோகிராம்கள் தங்கள் அளவைத் தாங்களே பார்த்துக்கட்டும்னு விட்டிருக்கேன். படம் பளிச்சுனு இருக்கு, அந்த மயிரிழைக் கோடும் தெரியுது. மெனு மட்டும் இன்னும் எறும்புதான். எந்த பட்டன் எங்கேன்னு எனக்கு மனப்பாடம்.