அறுக்காமல் சுளை எண்ணலாமா?

பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்ல முடியுமா? முடியும் என்கிறது கணக்கதிகாரம். காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ண வேண்டும். அதை 6ஆல் பெருக்கி 5ஆல் வகுக்க வேண்டும். வருவதுதான் சுளை. காம்பருகே 75 முள் என்றால் 450, அதை ஐந்தால் வகுத்தால் 90 சுளை. அவ்வளவுதான் கணக்கு.

வருஷா வருஷம் பலா சீசன் வந்தால் இந்தச் செய்தி வாட்ஸப்பில் ஒரு சுற்று வரும். தமிழன் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டான் என்று ஒரு கட்சி. எல்லாம் சும்மா கதை என்று எதிர்க்கட்சி. பண்ருட்டிப் பக்கம் இருக்கிறவன் என்கிற உரிமையில் இரண்டு கட்சிக்கும் என்னிடம் ஒரே கேள்விதான்: பழத்தை அறுத்து எண்ணிப் பார்த்தீர்களா?

பலாவில் தொடங்கினாலும், நான் சொல்ல வந்தது கணக்குப் போடும் பழக்கத்தைப் பற்றி. இன்றைக்குக் கல்லூரிகளில் கணக்குப் பதிவியல், அறிவியல், புள்ளியியல் என்று எந்தப் பாடம் எடுத்தாலும் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. இந்த மூன்று வகைக் கணக்கும் நம் பக்கத்தில் பழசு. மூன்றிலும் விடை கண்டுபிடிக்கும் வழி இருந்தது. விடை எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்று சொல்லும் வழி இருந்ததா என்று தேடினால் மூன்றுக்கும் மூன்று பதில் கிடைக்கிறது.

முதலில் கணக்கதிகாரம். கொறுக்கையூர் காரிநாயனார் செய்த நூல். செய்யுளில் விதி, அதற்கு உரை, உதாரணக் கணக்கு என்ற அமைப்பு. ஓலைச்சுவடிகளாகப் பல ஊர்களில் பரவியிருந்தது. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் இதைப் பதிப்பித்திருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பையன்கள் எண்சுவடி வாய்ப்பாட்டை உருப்போட்டார்கள். அதைத் தாண்டி, நிலம் அளக்க, பொன் நிறுக்க, நெல் பங்கிட, கூலி கணக்கிட என்று வேலைக்குத் தேவையான கணக்குகள் கணக்கதிகாரம் போன்ற நூல்களில் இருந்தன. இன்றைய மொழியில் சொன்னால், எண்சுவடி வாய்ப்பாடு, கணக்கதிகாரம் 'சால்வ்டு பிராப்ளம்ஸ்' புத்தகம்.

அதிலுள்ள பின்னங்களில் ஒன்றின் பெயர் முந்திரி. 320இல் ஒரு பங்கு. பண்ருட்டி முந்திரிக்கொட்டைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முந்திரி மரத்தைப் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவருவதற்குப் பல நூறு வருஷம் முன்னாலேயே இந்தப் பின்னம் சோழர் கல்வெட்டுகளில் வந்துவிட்டது.

அந்தக் காலத்து வரவு செலவுக் கணக்கு எவ்வளவு நுணுக்கம் என்பதற்கு நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 கலம் நெல்லை 7 பேருக்குச் சமமாகப் பங்கிட வேண்டும். ஒரு கலம் 12 குறுணி, ஒரு குறுணி 8 நாழி. ஆக 5 கலம் 480 நாழி. ஆளுக்கு 68 நாழி, அதாவது 8 குறுணி 4 நாழி போக, 4 நாழி மிச்சம். ஒரு நாழி 8 ஆழாக்கு, எனவே மிச்சம் 32 ஆழாக்கு. ஆளுக்கு 4 போக 4 ஆழாக்கு மிச்சம். ஓர் ஆழாக்கு 5 செவிடு, ஆக 20 செவிடு. ஆளுக்கு 2 போக 6 செவிடு மிச்சம். ஒரு செவிடுக்கு 360 நெல் என்று அந்தக் கால வாய்ப்பாடு சொல்கிறது. 6 செவிடு 2160 நெல். ஆளுக்கு 308 நெல் கொடுத்தால் கடைசியில் 4 நெல்மணி மிச்சம்.

நாலே நாலு நெல்மணி! எந்தக் களத்திலும் யாரும் அப்படி எண்ணிப் பங்கிட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஏட்டில் மிச்சம் எங்கே போனது என்று தெரிந்தாக வேண்டும். பங்குகளைத் திரும்பக் கூட்டி, மிச்சத்தைச் சேர்த்தால் 5 கலம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு. இன்றைக்குப் பி.காம். மாணவன் இருப்பாய்வு போட்டு, பற்றும் வரவும் ஒத்துப்போகவில்லை என்றால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடுகிறானே, அதே சமாச்சாரம்தான். கணக்குப் பதிவியலில் ஒத்துப்போகிறதா என்ற சோதனை கணக்குக்குள்ளேயே இருக்கிறது. ஊர்க் கணக்கை இப்படி எழுதி வந்த கர்ணம் பதவி 1980இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஒழிக்கப்பட்டது. அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஏடு மாறியது, ஆள் மாறினார். கூட்டிப் பார்த்தால் ஒத்துவர வேண்டும் என்ற விதி மாறவில்லை.

அடுத்தது அறிவியல் கணக்கு. இதற்குப் பக்கத்து ஊரான புதுச்சேரிக்குப் போக வேண்டும். ஜான் வாரன் என்று ஒருவர். பிரிட்டிஷ் படையில் இருந்தவர், மதராஸ் வானாய்வகத்தைச் சில காலம் கவனித்துக்கொண்டவர். தென்னாட்டுப் பஞ்சாங்க முறைகளை ஆராய்ந்து 1825இல் 'கால சங்கலித' என்ற பெரிய நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, ஒரு சந்திர கிரகணத்தையே கணித்துக் காட்டியதை வாரன் பதிவு செய்திருக்கிறார். பேனா இல்லை, தாள் இல்லை. சந்திரனின் இருப்பிடத்தைச் சொல்ல மட்டும் 248 வாக்கியங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். வாக்கியத்தைச் சொன்னால் எண் வந்துவிடும்.

1825 மே 31 இரவு கிரகணத்துக்கான கணக்கு அது. பிற்காலத்தில் ஆட்டோ நாய்கெபாவர் என்ற அறிவியல் வரலாற்று அறிஞர் 1952இல் இதை எடுத்து ஆராய்ந்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடியும் நேரத்தில் 52 நிமிடம் வித்தியாசம். சோழியையும் ஞாபகத்தையும் மட்டும் வைத்து இவ்வளவு நெருங்கியது பெரிய விஷயம். கணித்தவருக்கு அந்த விதிகளின் பின்னாலுள்ள கோட்பாடு எதுவும் தெரியாது என்பதையும் வாரன் எழுதியிருக்கிறார்.

இரண்டும் உண்மை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஏன் என்று தெரியாமலே சரியாகக் கணக்குப் போட முடியும். ஆனால் ஏன் என்று தெரியாவிட்டால் விதியைத் திருத்த முடியாது. வானத்தைப் பார்த்து 52 நிமிடம் தள்ளிப்போகிறது என்று தெரிந்தாலும், எந்த வாக்கியத்தில் எந்த எண்ணை மாற்றுவது? இன்றைக்கும் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் தனித்தனியாகத்தான் அச்சாகின்றன. கும்ப ராசிக்குச் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. திருநள்ளாறு கோயிலில் வாக்கியப்படி கொண்டாடியது 2023 டிசம்பர் 20. ஒரே சனி, ஒரே ராசி, 11 மாத இடைவெளி. பக்தி அவரவர் விஷயம், அதற்குள் நான் போகவில்லை. கணக்கு என்று பார்த்தால், அறிவியலில் சோதனை வெளியே இருக்கிறது, வானத்தில் இருக்கிறது. பார்த்துத் திருத்துகிறோமா இல்லையா என்பது நம் கையில்.

இப்போது பலாவுக்கு வருவோம். இது புள்ளியியல் கணக்கு. ஒன்றை எண்ணி, எண்ண முடியாத இன்னொன்றை மதிப்பிடுவது. புள்ளியியலில் இதற்கு விகித மதிப்பீடு என்று பெயர். சுளை = 1.2 × முள்.

இதற்கு அடிப்படை உண்டா? தாவரவியல்படி கொஞ்சம் உண்டு. பலாப்பழம் ஒரு தனிக் கனி அல்ல, ஒரு பூங்கொத்து முழுவதும் சேர்ந்து பழுத்த கூட்டுக்கனி. மேலே தெரியும் ஒவ்வொரு முள்ளும் ஒரு பெண் பூவின் நுனி. கருவுற்ற பூ சுளையாகிறது. கருவுறாதது சுளைகளுக்கு நடுவில் நார் நாராகச் சக்கையாகிவிடுகிறது. ஆக முள்ளுக்கும் சுளைக்கும் உறவு நிஜம். ஆனால் எத்தனை பூ கருவுறும் என்பது மகரந்தம், பூச்சி, மழை, மரம் என்று பலதைப் பொறுத்தது. அது முள்ளில் தெரியாது.

இன்னொரு சிக்கலும் எனக்குத் தோன்றுகிறது. காம்பைச் சுற்றி ஒரு வளையமாக எண்ணுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வளையம் என்பது நீளம். பூக்கள் பரவியிருப்பதோ ஒரு பரப்பில். வளையத்தில் முள் இரண்டு மடங்கானால் பரப்பில் பூ சுமார் நாலு மடங்காக வேண்டும். அப்படியானால் ஒரே 1.2 சின்னப் பழத்துக்கும் பெரிய பழத்துக்கும் பொருந்தாது. நடுத்தரப் பழத்துக்கு ஓரளவு பொருந்தலாம். தவிர, சிறுமுள் எங்கே முடிகிறது, பெருமுள் எங்கே தொடங்குகிறது என்பதில் இரண்டு பேர் எண்ணினால் இரண்டு எண் வரும்.

விதியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. "90 சுளை" என்பதும், "90 சுளை, 30 கூடலாம் குறையலாம்" என்பதும் வேறு வேறு விடைகள். செய்யுள் முதல் விடையைத்தான் தருகிறது. இரண்டாவதைத் தருவதற்குத்தான் புள்ளியியல் என்ற பாடமே வந்தது.

அக்கா பையன் பி.காம். படிக்கிறான். வணிகப் புள்ளியியல் கணக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, "மாமா, எனக்கு 4.7 வருது, புக்குல 4.71. போதும்ல?" என்றான்.

"4.7ன்னா என்னடா?"

"திட்ட விலக்கம்."

"அப்படின்னா?"

"ஃபார்முலால போட்டா வர்றது."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பரீட்சையில் கேட்பது அதைத்தான். இப்போது கேள்வியைப் போட்டோ எடுத்தால் போனே விடை சொல்கிறது, படிப்படியாக வழியும் சொல்கிறது. சோழி பரப்பியவரின் வேலை இனி யாருக்கும் தேவையில்லை. மிச்சம் இருப்பது, இந்த விடையை எவ்வளவு நம்பலாம் என்று கேட்கும் வேலைதான்.

அந்தக் கேள்வியை இந்தியாவில் பெரிய அளவில் கேட்டவர் மகலனோபிஸ். 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை அமைத்தவர். வங்காளத்தில் சணல் பயிர் எவ்வளவு என்று மாதிரிக் கணக்கெடுப்பில் மதிப்பிட்டபோது ஓர் எளிய உபாயம் செய்தார். ஒரே பகுதிக்குத் தனித்தனியாக இரண்டு மாதிரிகளை எடுத்து, வேறு வேறு குழுக்களை அனுப்புவது. இரண்டு விடைக்கும் உள்ள வித்தியாசமே, இந்த மதிப்பீடு எவ்வளவு ஆட்டம் காணும் என்று காட்டிவிடும். முள்ளை இரண்டு பேர் எண்ணச் சொல்வது போலத்தான்.

இது ஏதோ பாடப்புத்தக விஷயம் என்று நினைக்க வேண்டாம். நெய்வேலியில் மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி எவ்வளவு என்பதை முழுக்கத் தோண்டிப் பார்த்துவிட்டா சுரங்கம் தொடங்கினார்கள்? அங்கங்கே துளை போட்டு, இடைப்பட்டதை மதிப்பிட்டுத்தான். அறுக்காமல் சுளை எண்ணும் வேலை.

அதைவிட நெருக்கமான உதாரணம் பயிர்க் காப்பீடு. கடலூர் மாவட்டத்தில் புயலும் வெள்ளமும் புதிதில்லை. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு விவசாயியின் வயலையும் அறுத்து நிறுத்துப் பார்ப்பதில்லை. குலுக்கல் முறையில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, அளந்த துண்டில் அறுவடைப் பரிசோதனை நடத்தி, சராசரி விளைச்சலைக் கண்டுபிடிக்கிறார்கள். அது நிர்ணயித்த விளைச்சலுக்குக் கீழே போனால் அந்த அலகில் காப்பீடு செய்த எல்லோருக்கும் இழப்பீடு. போகாவிட்டால் இந்தச் சராசரிக் கணக்கில் யாருக்கும் கிடையாது. காப்பீட்டு அலகு கிராம ஊராட்சி என்றால் முக்கியப் பயிருக்குக் குறைந்தது 4 பரிசோதனை என்கிறது மத்திய அரசின் வழிகாட்டு நெறி.

நாலு வயல். அந்த நாலில் ஒன்று மேட்டுநிலமாக அமைந்து தப்பித்திருந்தால் சராசரி ஏறிவிடும். பள்ளத்தில் பயிர் அழுகியவருக்கு இந்தக் கணக்கில் பணம் வராமல் போகலாம். சராசரியோடு திட்ட விலக்கத்தையும் பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்தக் கிராமத்தில் இருந்தால், "நாலு எண்ணும் இவ்வளவு சிதறிக் கிடக்கிறதே, இன்னும் நாலு வயல் பாருங்கள்" என்று கேட்கலாம். அந்த ஒருவர், ஃபார்முலாவில் 4.7 போட்ட பி.காம். பையனாக இருக்கலாம். அந்தப் பாடத்தை இப்படி யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த பலா சீசனில், ஒரே மரத்துப் பழமாக இல்லாமல், வேறு வேறு மரத்துப் பழங்கள் 30 பாருங்கள். மண்டியிலோ வீட்டிலோ யார் அறுத்தாலும் சரி. அறுக்கும் முன் காம்பருகே முட்களை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி எழுதுங்கள். விதிப்படி வரும் சுளை எண்ணிக்கையையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள், பிறகு மாற்றக் கூடாது. அறுத்த பின் சுளையை எண்ணுங்கள். ஒவ்வொரு பழத்துக்கும் சுளையை முள்ளால் வகுத்து, சராசரி, திட்ட விலக்கம் இரண்டையும் கண்டுபிடியுங்கள். சராசரி 1.2க்குப் பக்கத்தில் வருகிறதா என்பது பாதிக் கேள்விதான். எவ்வளவு சிதறுகிறது என்பது மறுபாதி. முள்ளைக் கிடையாகவும் சுளையைச் செங்குத்தாகவும் வைத்துப் புள்ளி வைத்துப் பார்த்தால், அது நேர்கோடா, நான் சந்தேகப்படுவது போல் வளைகோடா என்றும் தெரிந்துவிடும்.

காரிநாயனார் விதியைச் சொன்னார். அறுத்து எண்ணிய கணக்கு யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், இங்கேயே அட்டவணையாகப் போடுகிறேன். எண்ணி முடித்த சுளையை என்ன செய்வது என்று பண்ருட்டிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.