பாலாற்றுச் சாலையில் பெட்ரோல் ஜீப்

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையோரமாகக் கொளத்தூரிலிருந்து மேற்கே போகும் சாலை, பாலாற்றில் மாநில எல்லையைக் கடந்து மாதேஸ்வரன் மலைக்கு ஏறுகிறது. பாலாற்றிலிருந்து காட்டுக்குள் பிரியும் வழியில் இருக்கும் தமிழ் பேசும் ஊர் கோபிநத்தம். 1997 வரை மைசூர் மாவட்டம், அதன்பின் சாமராஜநகர் மாவட்டம். அணையின் நிறைமட்டம் கடல்மட்டத்திலிருந்து 790 அடி. மாதேஸ்வரன் மலையோ ஏறத்தாழ 3,000 அடி. இந்த ஏற்றமும் கோடைப் புழுதியும் மழைக்கால ஓடைகளும் சேர்ந்த பாதையில், நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப்தான் நெடுங்காலம் அரசின் கால்களாக இருந்தது. கோபிநத்தத்தைச் சேர்ந்த சந்தனமரக் கடத்தல்காரர் வீரப்பனைத் தேடியபோது வண்டி நின்றுபோவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1993 ஏப்ரல் 9 காட்டியது. காவல் அதிகாரி கோபாலகிருஷ்ணன் வந்த ஜீப் பாலாற்றுப் பாலத்தருகே பழுதாக, அவர் குழுவினர் பேருந்துகளில் ஏறிச் சென்றனர். வழியில் வெடித்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தனர்.

இந்தியச் சாலைகளில் பரவிய ஜீப் இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் வண்டியின் வாரிசு. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் மகிந்திரா நிறுவனம் உதிரிப்பாகங்களை இறக்குமதி செய்து மும்பையில் பூட்டத் தொடங்கியது. 1953-ல் வில்லிஸ் கொண்டுவந்த சிஜே-3பி வடிவமே பின்னர் இங்கு பல்லாண்டுகள் நிலைத்தது. அதன் தூக்கலான பானட்டுக்குக் காரணம் உள்ளே இருக்கும் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்: காற்றும் பெட்ரோலும் நுழையும் வால்வுகள் ஹெட்டில் மேலே ஏறியதால் உயரம் கூடியது. கார்ப்பரேட்டர் அந்த ஹெட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் சூடு நேராக அதைத் தாக்குவதற்கு இந்த அமைப்பே காரணம்.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அப்போது மெயின் ஜெட்டில் உறிஞ்சல் இருக்காது. தகட்டின் கீழ்ப்புறத்தில் உள்ள சிறு துளை வழியாக, பைலட் ஜெட் தரும் பெட்ரோலில்தான் எஞ்சின் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும். அந்த ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர் அளவே. கேனில் வாங்கி ஊற்றிய பெட்ரோலில் வந்த ஒரு துரும்போ டேங்கின் துருவோ போதும், ஐட்லிங் போய்விடும். வேகத்தில் வண்டி நன்றாக ஓடும், நிறுத்தினால் அணையும். பைலட் ஜெட் அடைபட்டதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை அகலும், பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது.

மலை தன் பங்குக்குக் கெடுக்கும். ஏறஏறக் காற்று மெலிகிறது, பெட்ரோல் அதே அளவில் வருகிறது. கலவை கனத்துக் கரும்புகை தட்டும். செங்குத்தான ஏற்றத்தில் மிதவைக் கிண்ணத்தின் பெட்ரோல் ஒருபக்கம் சாய்வதால் மிதவை தவறான அளவைக் காட்டும். கல்பாதைக் குலுக்கலில் ஊசி வால்வு சரியாக அமராமல் ஓவர்ஃப்ளோ ஆகும். வெயிலில் ஏறி வந்து நிறுத்திய வண்டி மறுபடி கிளம்பாவிட்டால், சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்திருக்கும். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போர்த்திக் காத்திருப்பதே அதற்கு வழி.

நல்ல மெக்கானிக் எடுத்தவுடன் கார்ப்பரேட்டரில் கை வைப்பதில்லை. முதலில் பாயிண்ட், பிளக், டைமிங். வில்லிஸ் எஞ்சினில் பாயிண்ட் இடைவெளி 20 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ), பிளக்குக்கு 30 தௌ. பிறகு ஏர் ஃபில்டரின் எண்ணெய். அதன்பின் சோக்கைச் சற்று இழுத்துப் பார்ப்பார். ஐட்லிங் தெளிந்தால் எங்கோ காற்று கசிகிறது அல்லது ஜெட் அடைத்திருக்கிறது. கார்ப்பரேட்டர் அடிப்பக்க கேஸ்கெட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் ஓட்டச் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். பழைய வண்டிகளில் வைப்பர் ஓடுவதும் எஞ்சின் உறிஞ்சலால்தான், அந்த ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும் இதே கோளாறு. த்ராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து ஆடினால் எந்த கேஸ்கெட்டும் உதவாது, புஷ் போட வேண்டும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு த்ராட்டில் ஸ்குருவை முறுக்கி வேகத்தைக் கூட்டிவைப்பது எங்கும் காணும் குறுக்குவழி. சமதரையில் அது தெரியாது. மாதேஸ்வரன் மலை இறக்கத்தில் தெரியும். லோ கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டிய இடத்தில், கூட்டிவைத்த ஐட்லிங் வண்டியை முன்னே தள்ளும், பாரம் முழுக்க பிரேக்கின் மேல் விழும். கையேடு சொன்ன, நிமிடத்துக்கு 600 சுற்றுக்கு அருகில் நிறுத்துவது ஓட்டுநரின் உயிர் சம்பந்தப்பட்ட வேலை.

டீசல் எஞ்சின்கள் ஜீப்புக்குள் வந்ததும் பெட்ரோல் ஜீப் அருகியது. ஆனால் 1985 டிசம்பரில் வந்த மாருதி ஜிப்ஸி, 970 சிசி பெட்ரோல் எஞ்சினோடு கார்ப்பரேட்டரை மீண்டும் காட்டுக்குள் கொண்டுவந்தது. 2000-ல் அதற்கும் பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்தது. மிச்சமிருக்கும் பழைய வண்டிகளுக்கு இப்போது புதுத் தொல்லை எத்தனால். 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் பழைய பம்பின் டயாஃப்ரத்தையும் ரப்பர் குழாய்களையும் அரிக்கும், ஈரத்தை இழுக்கும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவையும் மெலியும். எத்தனால் தாங்கும் குழாயும் டயாஃப்ரமும் மாற்றி, மிக்சர் ஸ்குருவைச் சற்றுத் திறந்து, அதற்கும் ஐட்லிங் நிற்காவிட்டால் பைலட் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கி ஓட்டுகிறார்கள்.