கண்ணகி (திரைப்படம், 1942)

சிலப்பதிகாரக் கதையைத் தழுவி, ஊழ், அறம், அரசநீதி பற்றிய மெய்யியல் வினாக்களை எழுப்பும் தமிழ்த் திரைப்படம். தயாரிப்பு ஜூபிடர் பிக்சர்ஸ், இயக்கம் ஆர். எஸ். மணி, உரையாடல் இளங்கோவன். கோவலனாகப் புதுக்கோட்டையில் பிறந்த பி. யு. சின்னப்பாவும் (1916–1951) கண்ணகியாக பி. கண்ணாம்பாவும் நடித்தனர்.

மெய்யியல் வினாக்கள்: களவு செய்யாத கோவலன், பொற்கொல்லன் சுமத்திய களவுப் பழியால் மதுரையில் கொலையுண்கிறான். காரணம் முற்பிறவி வினையா, பொற்கொல்லனின் வஞ்சமா, தீர விசாரியாது ஆணையிட்ட பாண்டியனின் தவறா? எல்லாம் வினைப்பயன் என்றால் அரசனைக் குற்றவாளி என்பது எப்படி? கதையின் ஆழம் இந்த முரணில்தான் இருக்கிறது. அரசன் ஒருவன் பிழைக்கு, கணவனை இழந்த கண்ணகியின் சினத்தால் மதுரையே எரிவது நீதியாகுமா என்பது அதனினும் கடினமான வினா. இதே கதையை மு. கருணாநிதியின் எழுத்தில் உருவான ‘பூம்புகார்’ (1964) மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தது.

புதுக்கோட்டைத் தொடர்பு: காப்பியத்தில் மதுரைக்குச் செல்லும் வழிகள் மூன்றாகப் பிரியும் ‘கொடும்பை’, புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் எனக் கொள்ளப்படுகிறது. கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக வரும் கவுந்தியடிகள் சமணத் துறவி. அச்சமணத்தின் தடங்களாக, இம்மாவட்டத்துச் சித்தன்னவாசலில் சமணர் கற்படுக்கைகளும் ஓவியக் குடைவரையும் உள்ளன.

மெய்யியல் கல்வியின் பயன்: சமணரின் வினைக் கோட்பாட்டை அறியாதவருக்கு இப்படம் வெறும் பழிவாங்கும் கதையாகவே தோன்றும். சிலப்பதிகாரத்தின் தொடர்ச்சியான மணிமேகலைக் காப்பியமும் இக்கல்விக்கு இடமளித்து, பல சமயவாதிகளின் கொள்கைகளை நாயகி நேரில் கேட்டறிவதற்கென்றே ஒரு காதையை ஒதுக்குகிறது.