சிகேஎஸ் தேர்வு: மனப்பாடம் கைகொடுக்காது... எப்படித் தயாராவது? முழு விவரம்

2018-ல் டெஸ்லா நிறுவனத்தின் குபெர்னெட்டிஸ் நிர்வாகப் பக்கம் பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது தெரியவந்தது. அதன் வழியாக உள்ளே புகுந்தவர்கள், டெஸ்லாவின் கிளவுட் கணினிகளில் கிரிப்டோகரன்சி மைனிங் நடத்தினார்கள். ரெட்லாக் என்ற பாதுகாப்பு நிறுவனம்தான் இதைக் கண்டுபிடித்தது.

இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைக்கத் தெரிந்தவரா நீங்கள் என்று சோதிக்கும் தேர்வுதான் சிகேஎஸ். லினக்ஸ் ஃபவுண்டேஷனும் சிஎன்சிஎஃப் அமைப்பும் 2020 நவம்பரில் இதை அறிமுகப்படுத்தின.

குபெர்னெட்டிஸ் என்றால் என்ன?

ஒரு செயலியை, அது ஓடத் தேவையான எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டினால் அது கண்டெய்னர். பல கணினிகளை ஒன்றாகக் கோத்து, அவற்றில் நூற்றுக்கணக்கான கண்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள் குபெர்னெட்டிஸ். கோத்த அந்தக் கணினிக் கூட்டத்தைத்தான் கிளஸ்டர் என்கிறார்கள்.

யார் எழுதலாம்?

நேரடியாக எழுத முடியாது. கிளஸ்டர் நிர்வாகத்துக்கான சிகேஏ தேர்வில் முதலில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும்.

தேர்வு எப்படி இருக்கும்?

சரியான விடையை டிக் செய்யும் தேர்வு இல்லை இது. உண்மையான கிளஸ்டரைத் திறந்து கொடுத்து, 'இதைச் சரி செய்யுங்கள்' என்பார்கள். வீட்டிலிருந்தே எழுதலாம். கேமரா வழியாகக் கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டே இருப்பார். நேரம் 2 மணி நேரம், கேள்விகள் 15 முதல் 20 வரை. அதாவது ஒரு கேள்விக்கு 6 முதல் 8 நிமிடம்தான். 67% எடுத்தால் பாஸ். சான்றிதழ் 2 ஆண்டுகளுக்குச் செல்லும்.

குபெர்னெட்டிஸின் அதிகாரப்பூர்வ கையேட்டைத் தேர்வின்போது திறந்து பார்க்கலாம். ஆனா, அங்கே போய் முதல்முறையா தேட ஆரம்பிச்சா நேரம் போயிடும். எது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

எந்தப் பகுதிக்கு எவ்வளவு?

2024-ல் மாற்றப்பட்ட பாடத்திட்டப்படி:

• கிளஸ்டரை அமைத்தல் - 15%
• கிளஸ்டரைப் பலப்படுத்துதல் - 15%
• கணினி அமைப்பைப் பலப்படுத்துதல் - 10%
• மைக்ரோசர்வீஸ் பலவீனங்களைக் குறைத்தல் - 20%
• மென்பொருள் விநியோகச் சங்கிலிப் பாதுகாப்பு - 20%
• கண்காணிப்பு, பதிவேடு, இயங்கும்போது பாதுகாப்பு - 20%

கடைசி மூன்றுக்கு மட்டுமே 60%. எனவே, இமேஜ்களில் உள்ள ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் ட்ரிவி, இயங்கும் கண்டெய்னரில் சந்தேகத்துக்குரிய செயல்களைக் காட்டிக்கொடுக்கும் ஃபால்கோ ஆகிய கருவிகளில் கை பழகியிருக்க வேண்டும்.

எங்கே சறுக்க வாய்ப்பு அதிகம்?

ஏபிஐ சர்வர்தான் கிளஸ்டரின் வாசல். எல்லாக் கட்டளைகளும் அதன் வழியாகத்தான் போகும். அதன் அமைப்புக் கோப்பைத் திருத்தச் சொல்லும் கேள்விகளில்தான் ஆபத்து. ஒரு வரியில் இடைவெளி தவறினாலும் சர்வர் எழுந்திருக்காது. அதுக்கப்புறம் கிளஸ்டர் எந்தக் கட்டளைக்கும் பதில் சொல்லாது.

ஆடிட் லாக் அமைக்கும்போது இது எளிதில் நடக்கும். விதிகள் உள்ள கோப்பையும், பதிவுகள் சேரும் இடத்தையும் ஏபிஐ சர்வரின் கண்டெய்னருக்குள் இணைக்க மறந்தால் அது நின்றுவிடும்.

அதனால் கோப்பைத் தொடும் முன் ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். சர்வர் எழவில்லை என்றால், அந்தக் கணினியில் உள்ள லாக் கோப்புகளில் காரணம் இருக்கும்.

எப்படிப் பயிற்சி செய்வது?

லேப்டாப்பில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் போட்டு, நீங்களே ஒரு கிளஸ்டர் கட்டுங்கள். பிறகு, ஏபிஐ சர்வரை வேண்டுமென்றே கெடுத்து, மீட்டுப் பாருங்கள். 5 நிமிடத்தில் மீட்க முடிந்தால் பாதி பயம் போய்விடும்.

குபெர்னெட்டிஸில் எல்லாப் பாட்களும் ஒன்றோடொன்று பேச இயல்பாகவே அனுமதி உண்டு. நெட்வொர்க் பாலிசி எழுதி அதைத் தடுத்துப் பாருங்கள். எழுதியதோடு நிறுத்தாமல், தொடர்பு உண்மையிலேயே நின்றதா என்று சோதியுங்கள்.

பழைய வீடியோக்களில் கவனம் தேவை. பாட் செக்யூரிட்டி பாலிசி 2022-ல் வந்த 1.25 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. அதை இன்னும் பாடமாகச் சொல்லித் தரும் வீடியோ என்றால் தள்ளி வையுங்கள்.

தோற்றால் என்ன ஆகும்?

கட்டணத்திலேயே இன்னொரு வாய்ப்பு இலவசமாக உண்டு. இரண்டு மாதிரித் தேர்வுகளும் கிடைக்கும். ஒவ்வொன்றும் திறந்ததிலிருந்து 36 மணி நேரம்தான் செல்லும். முதல் மாதிரித் தேர்வைப் பாடம் முடித்ததும் எழுதுங்கள். அதில் சறுக்கிய இடங்களைச் சரி செய்துவிட்டு, தேர்வுக்குச் சில நாள் முன்பு இரண்டாவதைத் திறங்கள்.