திருவாதிரையில் தண்ணீர்

எங்கள் மல்லாங்கிணற்றுப் பக்கம் பெண்ணின் ஜாதகத்தில் கேட்டை நட்சத்திரம் என்று கண்டால் போதும், மூத்த பிள்ளை இருக்கிற வீட்டார் வெற்றிலையைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விடுவார்கள். அந்தக் கேட்டையையும், மார்கழியில் களி கிண்டிப் படைக்கிறோமே அந்தத் திருவாதிரையையும், வானத்தில் நிமிர்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேரோ! இரண்டும் செக்கச் சிவந்தவை. விட்டத்தில் சூரியனைப்போல் பல நூறு மடங்கு.

சிவப்புக்குக் காரணம், சூடு குறைவு. சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 டிகிரி. இவற்றில் 3,300 அளவுதான். சிவகாசி மத்தாப்புக்குச் செந்நிறம் தரும் ஸ்ட்ரான்ஷியம், குளோரினோடு கைகோத்து நிற்கும் வரைதான் நல்ல சிவப்பு. சூடு மிஞ்சினால் ஜோடி பிரிந்து நிறம் வெளிறிவிடும். நட்சத்திரத்திலும் இதே கதைதான். சூடு தணிந்த இடத்தில்தான் அணுக்கள் கூடி மூலக்கூறாக வாழ முடியும். கேட்டையின் ஒளியைப் பிரித்தால் தெரியும் கரும்பட்டைகள் டைட்டானியத்தைச் சேர்ந்தவை என்று 1904-இல் ஆல்பிரட் பௌலர் காட்டினார். அது டைட்டானியம் ஆக்ஸைடு என்பது பிறகு தெளிவாயிற்று.

தண்ணீரின் கதைதான் விசித்திரம். பெயரிலேயே கிணற்றை வைத்துக்கொண்டு மழைக்கு ஏங்கும் ஊர்க்காரனுக்கு அதில் தனி அக்கறை உண்டு, மன்னிக்க வேண்டும். நம் காற்றிலேயே நீராவி இருப்பதால், தரையிலிருந்து பார்த்தால் எது நட்சத்திரத்தினுடையது, எது நம்முடையது என்று தெரியாது. ஆகவே 1963-இல் அமெரிக்கர்கள் 36 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைப் பலூனில் ஏற்றி மேலே அனுப்பினார்கள். 'ஸ்ட்ராட்டோஸ்கோப் 2' என்று பெயர். திருவாதிரையில் நீராவியின் அடையாளம் இருப்பதாக 1964-இல் அறிவித்தார்கள்.

கணக்குப் போட்டவர்கள் ஒப்பவில்லை. அத்தனை சூட்டில் தண்ணீர் எப்படி நிற்கும்? 1970-இல் விங், ஸ்பின்ராட் இருவரும், அது நீராவியல்ல, கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த சேர்க்கை என்றார்கள். விவகாரம் அத்தோடு அடங்கிவிட்டது. கண்டதைக் கணக்குக்காக ஒதுக்கினார்களே என்று எனக்கு ஆத்திரம்தான். ஆனால் கணக்கிலும் தப்பில்லை. அதை மேற்பரப்பு வரைக்கும்தான் போட்டிருந்தார்கள்.

1998-இல் ஜென்னிங்ஸ், சாடா இருவரும் திருவாதிரை, கேட்டை இரண்டிலுமே நீராவியைக் கண்டார்கள். 2000-இல் ஜப்பானியரான ட்சுஜி அந்தப் பழைய பலூன் பதிவையே மறுபடி எடுத்துப் பார்த்தார். 1964-இல் சொன்னவர்கள் சொன்னது சரி! நீராவி இருப்பது மேற்பரப்பில் அல்ல. அதற்கு மேலே, சுமார் 1,200 டிகிரிச் சூட்டில், ஒரு போர்வையாக.

அந்தப் போர்வையை அத்தனை உயரத்தில் தூக்கிப் பிடித்திருப்பது எது என்பதில்தான் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வழக்கு.