வாகரை மணலும் காற்றுப் போன சில்லும்



இன்று நாம் எழுதப் போவது டயரைப் பற்றி. சிரிக்க வேண்டாம். நமது பகுதியின் சரித்திரம் என்றால் பள்ளிவாசலும் கோயிலும் குளமும் ஒல்லாந்தர் கோட்டையும்தான் நினைவுக்கு வரும். அதற்குப் பிறகு யுத்தம் வரும், யார் யாரைக் கொன்றார்கள் என்பது வரும். அவையெல்லாம் எழுதப்பட வேண்டியவைதான். ஆனால் வாழைச்சேனைக்கும் மூதூருக்கும் இடையில் அந்த மணல் வழியில் வண்டிலும் லொறியும் சைக்கிளும் ஓடின. அவை ஓடிக்கொண்டே இருப்பதற்கு ஒரு தலைமுறை என்னென்ன பாடுபட்டது என்பதும் சரித்திரம்தான்.

நாவலடிச் சந்தியில் திருகோணமலைப் பக்கம் திரும்பினால் இன்று காபட் வீதி. காயாங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, பால்சேனை, கதிரவெளி, வெருகல் என்று ஊர்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன. முன்பு அப்படியல்ல. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பாறு, பிறகு காடு. நடுவே கிறவல், கிறவல் முடிந்தால் மணல், மணல் முடிந்தால் சேறு. வெருகல் ஆற்றில் 'பாதை'. வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம், மட்டக்களப்பிலும் மூதூரிலும் பாதை என்றால் ரோடு மட்டுமல்ல, வாகனத்தையும் ஆளையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர். வெருகலைத் தாண்டினால் மூதூர், கிண்ணியாப் பக்கம் கங்கை, இறால்குழி, உப்பாறு, கடைசியாகக் கிண்ணியா. ஒவ்வொரு துறையிலும் காத்திருப்பு. இதற்கு நடுவில் ஒரு சில்லில் காற்றுப் போனால்? சந்திக்குச் சந்தி கராஜ் இருந்த காலமல்ல அது.

டயர்க் கரைச்சல் டயரோடு வந்தது என்று நினைப்பவர்கள் வண்டில்காரரைக் கேட்க வேண்டும். மாட்டு வண்டில் சில்லுக்கு இரும்புப் பட்டம் போடுவார்கள். பட்டத்தை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் மரச் சில்லின் மேல் அடித்து இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். ஆங்கிலத்தில் டயர் என்ற சொல் முதலில் குறித்ததும் இந்த இரும்புப் பட்டத்தைத்தான், இறப்பரை அல்ல. நமது வெயிலில் ஆடி ஆவணி வந்தால் மரம் காய்ந்து ஒடுங்கும், பட்டம் தளர்ந்து ஆடும். வழியில் கழன்றால் வண்டில் அவ்வளவுதான். அதற்கு வண்டில்காரர் கண்ட வைத்தியம், இரவு தங்கும் இடத்தில் சில்லைக் குளத்திலோ ஆற்றிலோ இறக்கி ஊற விடுவது. விடியுமுன் மரம் ஊதிப் பட்டம் இறுகிவிடும். மெல்லிய இரும்புப் பட்டம் மணலைக் கத்தி போல வெட்டிக்கொண்டு இறங்கும் என்பதுதான் அதற்குத் தீராத குறை. மாடுகள் நாக்குத் தள்ளும். அதனால்தான் நிலாக் காலத்தில், மணல் குளிர்ந்த பிறகு, இரவில் வண்டில் கட்டினார்கள்.

இறப்பர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1839இல் அமெரிக்காவின் சார்ல்ஸ் குட்இயர் இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அது வெயிலில் உருகாது, குளிரில் உடையாது என்று கண்டுபிடித்தார். 1888இல் பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். அதற்கு முன்பே, 1876இல், இறப்பர் கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. ஆசியாவின் இறப்பர் தோட்டங்களுக்கு அது ஒரு தாய்வீடு. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மழையில் அந்த மரம் வளர்ந்தது. நமது வறண்ட மண்ணில் அது நிற்காது. ஆனால் அதன் பாலில் செய்த பொருள் இல்லாமல் நமக்கு ஒரு நாளும் ஓடாது.

1942இல் ஜப்பான் மலாயாவையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் பிடித்தபோது, உலகின் இயற்கை இறப்பரில் ஏறக்குறைய 90 வீதம் அவர்கள் கைக்குப் போனது. நேச நாடுகளுக்கு மிஞ்சிய முக்கியமான இறப்பர் இலங்கையின் இறப்பர்தான். மரம் பிழைக்குமா என்று பாராமல் பால் வெட்டினார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் குண்டு விழுந்தது, மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. பத்து ஆண்டு கழித்து, 1952இல், சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம். இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கினோம். அறுபதுகளில் சோவியத் உதவியோடு களனியில் டயர்க் கூட்டுத்தாபனம் வந்தது. இன்று பாரம் தூக்கும் இயந்திரங்களுக்கான திண்ம டயர் செய்வதில் உலகில் முன்னணியில் நிற்பது நமது நாடு. காற்றே தேவையில்லாத, பஞ்சரே ஆகாத டயர்! ஆனால் அவை தொழிற்சாலைத் தரைக்கும் துறைமுகத்துக்கும் உரியவை. பனிச்சங்கேணி மணலுக்குக் காற்றடைத்த டயர்தான்.

காற்றடைத்த டயருக்கு இங்கே எதிரிகள் நிறைய. சூரைமுள், உடைமுள், காரைமுள், நெருஞ்சி, கரையோரத்தில் உடைந்த மட்டி ஓடு, கிறவலில் கூரான கல். யுத்தம் வந்த பிறகு இரும்புச் சிதறலும் சேர்ந்தது.

சைக்கிள்காரர் கையாண்ட முறை இதுதான். சில்லைக் கழற்றாமலே டயரின் ஒரு விளிம்பை இரண்டு கரண்டிக் காம்பால் நெம்பி, டியூபை வெளியே இழுப்பார். டயருக்குள் விரலை மெதுவாக ஓட்டி முள்ளைத் தேடுவார். இதைச் செய்யாமல் டியூபை மட்டும் ஒட்டியவர் அடுத்த கட்டையில் மறுபடியும் இறங்க வேண்டியதுதான். ஓட்டையைக் கண்டுபிடிக்க டியூபைத் தண்ணீரில் அமுக்க வேண்டும். வாகரைப் பக்கம் ஊர்ப் பெயரெல்லாம் கேணி என்று முடிவதால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் டியூபை உதட்டுக்கு அருகில் பிடித்தால் மெல்லிய காற்று படும். வால்வில் எச்சில் வைத்துப் பார்த்தால் முட்டை விடும். பிறகு உரசி, சொலூசன் பூசி, அது கை ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு ஒட்டு. அவசரக்காரர் ஈரமாக ஒட்டுவார், அது நிற்காது.

சொலூசனும் இல்லையென்றால்? ஓட்டை உள்ள இடத்தில் டியூபை அறுத்து, இரண்டு முனையையும் இறுக முடிந்து, குறைந்த காற்றோடு ஓட்டுவார்கள். சில்லு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் துள்ளும், ஆனால் வீடு போய்ச் சேரலாம். அதுவும் முடியாவிட்டால் டியூபை எடுத்துவிட்டு டயருக்குள் வைக்கோலோ புல்லோ இறுகத் திணிப்பது. வைக்கோலுக்கு நமது பகுதியில் குறைவா? வாழைச்சேனைக் காகித ஆலையே வைக்கோலை அரைத்துக் காகிதம் செய்ததுதானே. டயரே வெடித்துக் கிழிந்தால், பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி, கிழிசலுக்கு உள்பக்கமாக வைத்துவிட்டு டியூபை ஏற்றுவார்கள். அந்தத் துண்டும் தேய்ந்தால் செருப்பாகும். லொறி டியூப் ஓட்டி ஓட்டி ஒட்ட இடமில்லாமல் போனால் வாவியில் மீன்காரருக்கு மிதவையாகும். நமது ஊரில் டயரும் டியூபும் லேசில் மௌத்தானதில்லை.

லொறிக்காரருக்குச் சூட்டு ஒட்டு. ஒரு பழைய என்ஜின் பிஸ்டனைக் கவிழ்த்து, டியூபின் ஓட்டையில் பச்சை இறப்பர்த் துண்டை வைத்து, பிஸ்டனை அதன்மேல் இறுக்கிப் பூட்டி, பிஸ்டன் குழிக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயையோ பெற்றோலையோ ஊற்றிக் கொளுத்துவார்கள். எண்ணெய் எரிந்து முடியும் நேரமும் இறப்பர் வெந்து பிடிக்கும் நேரமும் சரியாக இருக்கும். அளவு ஊற்றுபவரின் கைப்பழக்கம்தான் கடிகாரம். குட்இயர் ஆய்வு செய்து கண்டதை மரத்தடியில் செய்து முடித்த இந்த மனிதர்களுக்கு நாம் கொடுத்த பட்டம் 'ஒட்டுப் போடுறவன்'. வகுப்பில் விஞ்ஞானம் கற்பிப்பவர்கள் இதை ஒரு தரம் யோசிக்க வேண்டும்.

மணலில் புதைவது இன்னொரு கதை. இங்கேதான் பாலைவனம் நமக்குச் சொந்தமாகிறது. 1920களின் கடைசியிலும் 30களிலும் ரால்ப் பக்னோல்ட் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி போர்ட் கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் போனார். டயரின் காற்றைக் குறைத்தால் மணல் தாங்கும் என்பதும், புதைந்த சில்லுக்குக் கீழே நீண்ட இரும்புத் தகட்டைப் போட்டால் ஏறிவிடலாம் என்பதும் அவருடைய பயணங்களில் தேறிய வித்தைகள். 1940இல் அவர் அமைத்த பாலைவனப் படை அதை வைத்தே ஓடியது. கணக்கு லேசானது. ஒரு சில்லில் 660 இறாத்தல் பாரம் என்று வையுங்கள். சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் காற்று என்றால் தரையில் படுவது ஏறக்குறைய 22 சதுர அங்குலம். காற்றை 15ஆகக் குறைத்தால் 44. ஒட்டகத்தின் பாதம் விரிவது போல.

எங்கள் மூத்தவர்கள் பக்னோல்டைப் படிக்கவில்லை. இரும்புத் தகட்டுக்குப் பதில் பனை மட்டை, கிடுகு, சாக்கு. காற்றையும் கொஞ்சம் இறக்கினார்கள், ஆனால் பயந்து பயந்துதான். ஏனென்றால் திரும்ப அடிக்கக் கைப்பம் ஒன்றுதான். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து நமது வாலிபர்கள் சவூதிக்கும் கட்டாருக்கும் சாரதிகளாகப் போனார்கள். அங்கே மணலுக்குள் இறங்குமுன் காற்றை விடுவது சாதாரணம். ஒட்டுக்கடையின் பலகையில் 'பன்ஷர்' என்று அறபியில் எழுதியிருக்கும். அறபியில் 'ப' அழுத்தம் இல்லாததால் நமது பஞ்சர் அங்கே அப்படி ஆகிவிட்டது. பாலைவனத்தில் படித்ததை விடுமுறையில் வந்து வாகரைக் கடற்கரையில் செய்துகாட்டிய தம்பிமார் உண்டு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: காபட் வீதிக்கு ஏறியதும் காற்றைத் திரும்ப அடிக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடாகி வெடிக்கும்.

இவ்வளவும் ஒரு தனி மனிதன் தனியாகச் செய்தவை அல்ல. வாழைச்சேனை, ஓட்டமாவடி யாவாரிகள் உடுபுடவையும் சாமானும் கொண்டு போய், கருவாடும் தேனும் நெல்லும் ஏற்றி வந்த வழி அது. காற்றுப் போனால் பக்கத்து வளவுக்குத்தான் போக வேண்டும். அது தமிழ் வீடாக இருக்கும், அல்லது கரையோர வேடர் குடியாக இருக்கும். பம்மும் வாளித் தண்ணீரும் பிள்ளைகளின் கைவிளக்கும் அங்கிருந்து வரும். பொழுது பட்டால் திண்ணையில் பாய் வரும். அந்த வீட்டுக்காரர் வாழைச்சேனைச் சந்தைக்கு வந்தால் நமது கடையில் தேத்தண்ணீர், சில்லுக்குக் காற்று. மச்சான் என்றுதான் இரு பக்கமும் கூப்பிட்டார்கள். கணக்கு எழுதிக் கொடுத்து வாங்கிய உதவி அல்ல.

1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியதும் அந்த வழி நமக்கு அடைபட்டது. அந்த ஆண்டு கிழக்கில் நடந்தவை எல்லோருக்கும் தெரியும். டயர் என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் வந்த காலம் அது. தெற்கில் 88, 89இல் பார்த்ததை 90இல் நமது வீதியோரங்களிலும் பார்த்தோம். டயரோடு எரிந்த மையித்துகள். அந்தப் புகையின் மணம் மூக்கில் இருப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எங்களால் முடியவில்லை.

மூதூருக்குப் போக வேண்டியவர்கள் பொலன்னறுவை, ஹபரண, கந்தளாய் என்று சுற்றிப் போனார்கள். அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குப் பெற்றோலும் பற்றரியும் சீமெந்தும் தடைப்பட்டன. 2006இல் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். சில மாதங்களில் வாகரைத் தமிழர்கள் காட்டாலும் ஆற்றாலும் தெற்கே ஓடி வந்தார்கள். 2007 ஜனவரியில் இராணுவம் வாகரையைப் பிடித்தது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் திறந்தது. அடுத்த ஆண்டுகளில் மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்தது. ரோடு வந்தது, 'பாதை' போனது.

காபட் வந்ததோடு கரைச்சல் தீர்ந்ததா? கட்டுமுறிவு, ஓமடியாமடு பக்கம் போகும் ஆசிரியரிடம் கேளுங்கள். அங்கே பின்னேரம் ஐந்து மணிக்குப் பஞ்சர் என்றால் அது நேரம் போகிற பிரச்சினை அல்ல, யானை வருகிற பிரச்சினை. டியூப் இல்லாத டயர் வந்த பிறகு பம்மும் கிடையாது, ஒட்டும் கிடையாது, போனில் சிக்னலும் கிடையாது. 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது டயரும் அதில் அகப்பட்டது. 2022இல் பெற்றோல் வரிசை வந்ததும் எல்லோரும் பழைய சைக்கிளைத் தூசி தட்டினோம். ஒட்டுப் போடத் தெரிந்தவரைத் தேடி அப்போது ஊர் முழுக்க அலைந்தோம். பம், சொலூசன், இரண்டு கரண்டி, ஒரு துண்டுப் பழைய டயர், டியூப் இல்லாத டயர் என்றால் அடைக்கும் இறப்பர்த் திரி. உள்ளூருக்குப் போகும் பிள்ளைகள் இவற்றைச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வழியில் லொறி ஓட்டியவர்கள், சைக்கிளில் மூட்டை கட்டியவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் போய் ஸலாம் சொல்லி ஒன்று மட்டும் கேளுங்கள்: "அந்தக் காலத்தில் பனிச்சங்கேணியில் காற்றுப் போனால் யாருடைய வீட்டுக்குப் போவீங்க காக்கா?" அவர்கள் சொல்லும் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.