காகித மடிப்பும் சென்னைக்காரரின் கணக்கும்

மழை பெய்து தெருவில் தண்ணீர் ஓடினால் நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாள் குறையும். நம் தலைமுறையில் இது நடக்காத வீடு கிடையாது. கப்பல், கத்திக்கப்பல், ராக்கெட் எதற்கும் வாத்தியார் கிடையாது. அண்ணன் மடிப்பதைப் பார்த்துத் தம்பி கற்றுக்கொண்டான். இன்று பேரப்பிள்ளைகள் இதை 'ஒரிகாமி' என்கிறார்கள். ஜப்பானிய மொழியில் 'ஓரி' என்றால் மடிப்பு, 'காமி' என்றால் காகிதம். அங்கே 1797-லேயே கொக்கு மடிப்பதற்கென்று தனிப் புத்தகம் அச்சாகியிருக்கிறது.

ஆனால் காகித மடிப்பைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்ததில் பெரும்பங்கு ஜெர்மானியரான ஃப்ரெடரிக் ஃப்ரோபெலுக்கு உண்டு. 1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சின்னக் குழந்தைகளுக்காக ஓர் இடம் தொடங்கினார். 1840-ல் அதற்குக் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் வைத்தார். பந்து, மரக்கட்டை, காகிதம் இவைதான் அங்கே பாடப்புத்தகம். பிரஷ்ய அரசு 1851-ல் இந்தப் பள்ளிகளுக்குத் தடை போட்டது. அடுத்த ஆண்டே ஃப்ரோபெல் காலமானார். 1860-ல் தடை நீங்கியதைப் பார்க்க அவர் இல்லை. அவருடைய முறையோ கடல் தாண்டிப் போய்விட்டது. 1876-ல் டோக்கியோவிலும் அந்த முறையில் ஒரு மழலையர் பள்ளி வந்தது.

அது நம் சென்னைக்கும் வந்தது. கிண்டர்கார்டன் பொருள்களில் எட்டாவது, காகித மடிப்புப் பெட்டி. அதில் 200 வண்ணச் சதுரத் தாள்களும் மடிக்கும் விதத்தைச் சொல்லும் படங்களும் இருந்தன. அந்தப் பெட்டிதான் டி. சுந்தர ராவ் என்பவரை யோசிக்க வைத்தது. அவர் கணக்கு வாத்தியார் அல்ல, வருவாய்த் துறை அதிகாரி. குழந்தை மடிக்கும் அதே தாளில் வடிவியல் முழுவதையும் காட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1893-ல் சென்னை அடிசன் கம்பெனி அவருடைய ஆங்கிலப் புத்தகத்தை வெளியிட்டது. சதுரத்தில் ஆரம்பித்து, ஐங்கோணம், அறுகோணம் என்று மேலே போகும் புத்தகம் அது.

ஜெர்மனியின் பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் தம் நூலில் அதைக் குறிப்பிட்டார். அதைப் பார்த்த இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1901-ல் சிகாகோவில் அதற்கு ஒரு பதிப்பு கொண்டுவந்தார்கள். வெளியூர்க்காரர்கள் இன்றும் படிக்கிறார்கள். நம் ஊரில் அவர் பெயரைச் சொன்னால் "யார் அவர்?" என்றுதான் கேட்கிறார்கள்.

இது வெறும் ஊர்ப்பெருமை இல்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, "எனக்குக் கணக்கு வராது தாத்தா" என்று எட்டு வயதிலேயே முடிவு கட்டியிருந்தாள். அவளிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தேன். தாளின் குட்டைப் பக்கத்தை நீளப் பக்கத்தின்மேல் படியும்படி மடித்து, மிஞ்சிய பட்டையைக் கத்தரித்தோம். பிரித்தால் சதுரம். மூலைக்கு மூலை மடித்து நடுப்புள்ளியைக் கண்டுபிடித்தாள். நான்கு மூலைகளையும் அந்தப் புள்ளிக்குக் கொண்டுவந்து மடித்ததும் சின்னச் சதுரம் ஒன்று கிடைத்தது.

"இது முதல் சதுரத்தில் எவ்வளவும்மா?" என்றேன். பிரித்துப் பார்த்தாள், மூடிப் பார்த்தாள். நான்கு காதுகளும் உள்சதுரத்தை இடைவெளி இல்லாமல் மூடின. "பாதி தாத்தா! மடிச்ச அளவுதானே மிச்சமும் இருக்கு!" என்றாள். இன்னொரு முறை அதேபோல் மடித்ததும், நான் கேட்பதற்கு முன்பே "கால்" என்றாள்.

ஒரு நிரூபணத்தைத் தன் விரலாலேயே செய்துவிட்டாள். பயம் ஒரே நாளில் போய்விடாதுதான். ஆனால் 'வராது' என்ற சொல்லை அன்று அவள் சொல்லவில்லை.

நம் வயதில் நமக்கு இருக்கும் பெரிய சொத்து நேரம். பழைய காலண்டர் தாள் போதும். பேரப்பிள்ளைகளோடு தரையில் உட்கார முடியாவிட்டால் மேஜையில் உட்காருங்கள். மடிப்பு கோணலாக வந்தால் அவர்கள் கையிலிருந்து பிடுங்கிச் சரிசெய்யாதீர்கள். அடுத்த தாளைக் கொடுங்கள். அப்போது சுந்தர ராவ் பெயரையும் ஒருமுறை சொல்லி வையுங்கள்.